எந்தச் சளிக்கு இஞ்சி: கெச்சியாவ் ஆயி சொல்லிக்கொடுத்தது

கெச்சியாவில் குளிர்காலம் வெளியில் இருப்பதைவிட வீட்டுக்குள்தான் அதிகம் தெரியும். சீனாவில் ஹுவாய் ஆற்றுக்கு வடக்கே இருக்கிற ஊர்களில் அரசாங்கமே குழாய் போட்டு வீடுகளைச் சூடாக வைத்திருக்கும். 1950களில் தொடங்கிய ஏற்பாடு அது. தெற்கே, கெச்சியாவ் இருக்கிற செஜியாங் மாகாணத்துக்கு அந்தக் குழாய் வரவில்லை. ஜனவரியில் வெளியே மூன்று, நான்கு டிகிரி, விடாத தூறல். உள்ளே டைல்ஸ் தரையில் காலை வைத்தால் எலும்பு வரை ஏறும். துவைத்த பனியன் நாலு நாளானாலும் காயாது.

துணி வியாபாரத்தில் இருப்பவர்களுக்குக் கெச்சியாவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஷாவ்ஷிங் நகரத்தின் ஒரு பகுதி அது. சீனாவின் மிகப் பெரிய துணிச் சந்தை அங்கேதான் இருக்கிறது. நம் நாட்டு வியாபாரிகள் நிறையப் பேர் குடும்பத்தோடு இருக்கிறார்கள். 2013 நவம்பர் கடைசியில் திருப்பூரிலிருந்து நான் போய் இறங்கினேன். துணி பார்த்து, தரம் பார்த்து, கண்டெய்னர் ஏற்றி அனுப்புகிற வேலை. ஆறு வருஷத்துக்கு மேல் அங்கே இருந்தேன்.

நான் குடியிருந்த மூன்று மாடி வீட்டின் சொந்தக்காரம்மா கீழ்வீட்டில் இருந்தார். அறுபது வயது இருக்கும். சீனாவில் அந்த வயதுப் பெண்களை "ஆயி" என்று கூப்பிடுவார்கள். சித்தி, பெரியம்மா மாதிரியான சொல். நம் ஊரில் சில வீடுகளில் அம்மாவை, பாட்டியை "ஆயி" என்பார்கள் இல்லையா? அதனாலேயே அந்தச் சொல் எனக்கு முதல் நாளே வாயில் வந்து உட்கார்ந்துகொண்டது. அவர் கணவரை "ஷூஷு" என்பேன், சித்தப்பா என்ற பொருளில்.

போன இரண்டாவது மாதத்தில் முதல் சளி வந்தது. சாயப்பட்டறை ஒன்றில் முழு நாள் நின்றுவிட்டு, மின்சார ஸ்கூட்டரில் மழையில் நனைந்துகொண்டே வந்தேன். இரவு ஏழு மணிக்கெல்லாம் முதுகுத்தண்டில் நடுக்கம். பின்கழுத்து விறைத்துப் போனது. மூக்கிலிருந்து தண்ணீராக ஒழுகியது. அம்மா பெட்டியில் வைத்து அனுப்பிய சுக்குப் பொடி இருந்தது. அதைக் கொதிக்கவைத்துக் குடித்தேன். வயிறு சூடானது, நடுக்கம் நிற்கவில்லை.

வாசனை கீழே போயிருக்க வேண்டும். ஆயி மேலே ஏறி வந்தார். பொடி டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தார். "கான் ஜியாங்" என்றார். காய்ந்த இஞ்சி. பிறகு தன் வயிற்றைத் தொட்டுக் காட்டி, இது இங்கே குளிர்ந்தால் குடிப்பது என்றார். என் முதுகைத் தொட்டு, உனக்குக் குளிர் இங்கே இருக்கிறது என்றார். என் அரைகுறைச் சீனத்துக்கும் அது புரிந்தது.

அதன்பின் வரிசையாகக் கேட்டார். குளிருகிறதா, உடம்பு கொதிக்கிறதா? வேர்த்ததா, இல்லையா? மூக்கில் வருவது தண்ணீரா, மஞ்சளா? தொண்டை வலிக்கிறதா? தாகம் எடுக்கிறதா? நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். வெள்ளையாகப் படிந்திருந்தது. "ஃபெங்ஹான்" என்று சொல்லிவிட்டு என்னைக் கீழே வரச் சொன்னார். ஃபெங் என்றால் காற்று, ஹான் என்றால் குளிர். காற்றும் குளிரும் உடம்பின் மேற்பரப்பில் ஏறி உட்கார்ந்துகொண்ட சளி.

அவர் அடுப்படி வாசலில் போர்வையைப் போர்த்திக்கொண்டு நின்று பார்த்தது இன்னும் கண்ணில் இருக்கிறது. கூடையில் இரண்டு வகை இஞ்சி இருந்தது. பளபளவென்று இளசான இஞ்சியை ஒதுக்கிவிட்டு, மண் நிறத்தில் தோல் தடித்து, உடைத்தால் நார் தெரிகிற கிழட்டு இஞ்சியை எடுத்தார். "லாவ் ஜியாங்" என்பார்கள். வயதானவர்களின் அனுபவத்தைச் சொல்லும்போதுகூடச் சீனர்கள் "இஞ்சியில் கிழடுதான் காரம்" என்பார்கள். என் பெருவிரலின் முதல் கணு அளவுக்கு ஒரு துண்டு. பின்னாளில் தராசில் வைத்துப் பார்த்திருக்கிறேன், பத்து கிராம் வந்தது. கரண்டியின் விளிம்பால் தோலைச் சுரண்டினார். தோலோடு போட்டால் குளிர்ச்சி, தோலை எடுத்தால் சூடு என்பது அவர்கள் கணக்கு. நம் வீட்டில் கடுக்காய்க்கு அகநஞ்சு, சுக்குக்குப் புறநஞ்சு என்று சொல்லித் தோலைச் சீவுவார்கள். காரணம் வேறு, கை செய்கிற வேலை ஒன்றுதான்.

வெட்டுக்கத்தியைப் படுக்கவைத்து இஞ்சியின்மேல் ஒரே அடி. அது பிளந்து நாலாபக்கமும் நார் தெரிந்தது. சாறு பலகையில் தெறித்து, வாசனை அடுப்படி முழுக்க ஏறியது. அதை இரண்டு கிண்ணம் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்தார். ஐந்து நிமிஷம் ஆன பிறகு வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதி மூன்றை, வேரோடு நன்றாகக் கழுவி, அதையும் கத்தியால் நசுக்கிப் போட்டார். மூடியை வைத்தார். இரண்டே நிமிஷம். அடுப்பை அணைத்த பிறகுதான் "ஹோங் தாங்", அதாவது கருஞ்சிவப்பான கரும்புச் சர்க்கரை, ஒரு கரண்டி. அதன் நிறமும் மணமும் நம் நாட்டுச்சர்க்கரைக்கு ரொம்பக் கிட்ட.

அரை மணி நேரம் கொதிக்கவைத்தால் இன்னும் நல்லதில்லையா என்று கேட்டேன். நம் வீட்டில் கஷாயம் என்றால் நாலு டம்ளரை ஒரு டம்ளராகச் சுண்டவைப்போம். ஆயி கையை ஆட்டி மறுத்தார். மேலே பறக்கிற வாசனைதான் மேல்தோலுக்கு வேலை செய்யும். அதைக் கூரைக்கு அனுப்பிவிட்டால் உனக்கு என்ன மிச்சம் என்றார்.

குடித்தேன். தொண்டையில் எரிச்சல், காதில் சூடு, கண்ணில் தண்ணீர். பாதி வேலைதான் முடிந்திருக்கிறது என்றார் ஆயி. பிளாஸ்டிக் தொட்டியில் வெந்நீர் ஊற்றி, கணுக்காலுக்கு மேல் நனைகிற மாதிரி காலை வைக்கச் சொன்னார். பதினைந்து நிமிஷம். துடைத்துச் சாக்ஸ் போட்டதும் ஒரு கிண்ணம் வெறும் அரிசிக் கஞ்சி, சூடாக, தண்ணீராக, தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் உப்பில் ஊறிய கீரை. பிறகு ரஜாயைக் கழுத்துவரை இழுத்து மூடிப் படுக்கச் சொன்னார். ஒரு மணி நேரம் கழித்து வந்து என் பின்கழுத்தில் கையை வைத்துப் பார்த்தார். லேசான ஈரம். "போதும். இன்னொரு கிண்ணம் வேண்டாம். பனியனை மாற்று, ஜன்னல் பக்கம் போகாதே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

காலையில் நடுக்கம் போயிருந்தது, கழுத்து திரும்பியது. மூக்கு ஒழுகுவது இன்னும் நாலைந்து நாள் இருந்தது. சாதாரணச் சளி ஒரு வாரம், பத்து நாளில் தானாகப் போகும், எந்தக் கஷாயமும் அதை ஒரே இரவில் விரட்டாது. எனக்குக் கிடைத்தது அந்த முதல் இரவின் வேதனை குறைந்ததும், நல்ல தூக்கமும். வெளிநாட்டில் தனி அறையில் நடுங்கிக்கொண்டு கிடப்பவனுக்கு அது சின்ன விஷயமில்லை.

கஞ்சி எதற்கு, ஒரு கிண்ணத்தோடு ஏன் நிறுத்தினார் என்பதெல்லாம் அப்போது கிராமத்துப் பழக்கம் என்றுதான் நினைத்தேன். சீனம் ஓரளவு படிக்க வந்த பிறகுதான் அதன் வேர் தெரிந்தது. கிழக்கு ஹான் அரச காலத்தின் கடைசியில், அதாவது ஏறக்குறைய 1,800 வருஷத்துக்கு முன்னால், ஜாங் ஜோங்ஜிங் என்ற மருத்துவர் 'ஷாங்ஹான் லுன்' என்று குளிரால் வரும் காய்ச்சல்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் வருகிற முதல் கஷாயத்தில் லவங்கப்பட்டை மரத்தின் இளங்குச்சி, பியோனி வேர், அதிமதுரம், பச்சை இஞ்சி, பன்னிரண்டு செம்பேரீச்சை ஆகிய ஐந்தும் சேரும். கஷாயத்தைக் குடித்துச் சற்று நேரத்தில் சூடான, தண்ணீரான கஞ்சி ஒரு கிண்ணம் குடிக்க வேண்டும். பிறகு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் போர்த்திக்கொள்ள வேண்டும். உடம்பு முழுக்க மெல்லிய ஈரம் வந்தால் நல்லது. தண்ணீர் ஒழுகுவதுபோல் வேர்க்க விடக் கூடாது, விட்டால் நோய் போகாது. ஒரு வேளையிலேயே வேர்த்துக் குணமானால் மீதியைக் குடிக்காமல் நிறுத்த வேண்டும். ஆயி அந்த நூலைத் தொட்டதே இல்லை. அவர் அம்மா செய்ததைப் பார்த்துச் செய்தார். ஆனால் அன்றைக்கு அவர் கஞ்சி கொடுத்ததும், போர்த்திவிட்டதும், லேசான ஈரத்தோடு நிறுத்தியதும் அப்படியே அந்த நூலில் இருந்தன. இதைப் படித்த இரவு நான் கீழே போய் அவரிடம் சொன்னேன். "அப்படியா, நல்லது" என்று சொல்லிவிட்டுக் கீரை ஆய்வதைத் தொடர்ந்தார்.

வெங்காயத்தாளுக்கும் பழைய கணக்கு உண்டு. நான்காம் நூற்றாண்டில் கெ ஹோங் என்பவர் அவசரத்துக்குக் கையில் வைத்துக்கொள்ளும் மருந்துக் குறிப்புகளைத் தொகுத்தார். சளிக்காய்ச்சல் தொடங்குகிற அன்றைக்கே வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதியையும் புளிக்கவைத்த கருப்புச் சோயாவையும் கொதிக்கவைத்துக் குடிக்கிற முறை அவர் பெயரில்தான் நிலைத்திருக்கிறது. அதே தொகுப்பில் மலேரியாக் காய்ச்சலுக்கு ஒரு பச்சிலையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழியச் சொன்ன குறிப்புதான் மலேரியா மருந்தைக் கண்டுபிடித்த சீன விஞ்ஞானி து யூயூவுக்கு வழி காட்டியது. 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் பிறந்த நிங்போ எங்கள் ஷாவ்ஷிங்குக்குப் பக்கத்து ஊர். அந்த அக்டோபரில் மருந்துக் கடை, காய்கறிக் கடை என்று எங்கே போனாலும் அந்தப் பேச்சுதான்.

இவ்வளவு சொன்னதற்குக் காரணம், நான் செய்த பெரிய தவறைச் சொல்ல வேண்டும் என்பதுதான்.

ஒரு தடவை வேலை செய்ததும் இஞ்சிமேல் எனக்கு அளவில்லாத நம்பிக்கை வந்துவிட்டது. தும்மினால் இஞ்சி, இருமினால் இஞ்சி. 2015 மே மாதம். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. ஒரு சாயங்காலம் தொண்டையில் முள் குத்துகிற மாதிரி வலி, எச்சில் விழுங்க முடியவில்லை. உடம்பு கொதித்தது. குளிர் அதிகம் இல்லை. தாகம்தான் தாங்க முடியவில்லை. ஆயி அப்போது மகள் வீட்டுக்கு ஹாங்சோவ் போயிருந்தார். நானே செய்துகொண்டேன். கை நிறைய இஞ்சி, இருபத்தைந்து கிராமாவது இருக்கும். மிளகும் தட்டிப் போட்டேன். இரவு பத்து மணிக்குக் குடித்துவிட்டு இரண்டு போர்வை போர்த்திக்கொண்டேன். வேர்வை ஊற்றியது, மெத்தை நனைந்தது. வேர்க்க வேர்க்க நல்லது என்று நினைத்துப் பதினோரு மணிக்கு இன்னொரு கிண்ணம் குடித்தேன். விடியும்போது தொண்டை இன்னும் வீங்கியிருந்தது, நாக்கு காய்ந்து ஒட்டியது, எழுந்து நின்றால் தலை சுற்றியது. தெர்மாமீட்டரில் 39.2 டிகிரி செல்சியஸ்.

காலையில் திரும்பி வந்த ஆயி என்னைப் பார்த்ததும் பதறிவிட்டார். வாயைத் திறக்கச் சொல்லி, செல்போன் வெளிச்சத்தில் தொண்டையைப் பார்த்தார். "இது ஃபெங்ரெ. நெருப்பில் எண்ணெய் ஊற்றியிருக்கிறாய்" என்றார். காற்றோடு குளிர் சேர்ந்தால் ஃபெங்ஹான், சூடு சேர்ந்தால் ஃபெங்ரெ. இரண்டாவதற்கு இஞ்சி கூடாது. கோப்பை கோப்பையாக வெதுவெதுப்பான தண்ணீர் கொடுத்தார். அந்தப் பக்கத்தில் விளைகிற வெள்ளைச் சாமந்திப்பூவும் புதினா இலையும் போட்ட வெந்நீர் கொடுத்தார். பேரிக்காயைக் கற்கண்டோடு வேகவைத்து ஆறவைத்தார். ஆனால் அதோடு நிறுத்தவில்லை. தொண்டையில் வெள்ளைப் புள்ளி தெரிகிறது, இது என் வேலை இல்லை என்று சொல்லி, தானே பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே விரலில் குத்தி ரத்தம் பார்த்தார்கள். வெள்ளை அணு ஏறியிருந்தது. டான்சிலில் பாக்டீரியாத் தொற்று என்று ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார் டாக்டர். மூன்றாம் நாள்தான் சோறு இறங்கியது.

எந்த இஞ்சியாலும் தீராத நோய்க்கு இரவெல்லாம் வேர்க்கவைத்து உடம்பிலிருந்த தண்ணீரையும் வெளியேற்றிவிட்டேன். ஆயி அன்றைக்குக் கோபப்படவில்லை. "முதலில் கேட்க வேண்டும், பிறகுதான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும்" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு சீன மருந்துக் கடைகளில் ஒன்றைக் கவனித்தேன். சளிக்கு வெந்நீரில் கரைத்துக் குடிக்கிற குருணை மருந்து கேட்டால் கடைக்காரப் பெண் சும்மா எடுத்துக் கொடுக்க மாட்டார். குளிர்ச் சளியா, சூட்டுச் சளியா என்று கேட்பார். இரண்டுக்கும் தனித்தனிப் பெட்டி. பெட்டியின் மேலேயே ஃபெங்ஹான், ஃபெங்ரெ என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும். அங்கே ஒரு சின்னப் பையனுக்கும் இந்த வித்தியாசம் தெரிகிறது. நம் வீடுகளில் எந்தச் சளிக்கும் சுக்கு மல்லிக் காப்பிதான். சுக்குக்கு மிஞ்சிய மருந்தும் இல்லை, சுப்பிரமணியனுக்கு மிஞ்சிய சாமியும் இல்லை என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். சுக்கின்மேல் எனக்கு மரியாதை குறையவில்லை. ஆனால் தொண்டை சிவந்து எரிகிற குழந்தைக்குக் காரமாகச் சுக்கு கொடுப்பதை இப்போது என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடிவதில்லை.

பச்சை இஞ்சிக்கும் சுக்குக்கும் ஆயி வைத்த வித்தியாசத்துக்கு வேதியியலிலும் ஒரு பக்கம் இருக்கிறது. பச்சை இஞ்சியின் காரம் ஜிஞ்சரால் என்ற பொருளால் வருவது. காயவைக்கும்போது அதில் ஒரு பகுதி ஷோகால் என்ற இன்னும் காரமான பொருளாக மாறும். வாசனை எண்ணெயில் கொஞ்சம் பறந்துபோகும். ஆக இரண்டும் ஒரே கிழங்கிலிருந்து வந்தாலும் ஒரே சரக்கு இல்லை. தைவானில் 2013இல் வந்த ஓர் ஆய்வில், ஆய்வகத்தில் வளர்த்த மனிதச் சுவாசக்குழாய்ச் செல்களில் ஆர்எஸ்வி என்ற சளி வைரஸைப் பச்சை இஞ்சிச் சாறு தடுத்தது, காய்ந்த இஞ்சி தடுக்கவில்லை. கண்ணாடித் தட்டில் நடந்தது மனித உடம்பில் அப்படியே நடக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. நானும் சொல்லவில்லை. சூடான பானத்தைப் பற்றியும் ஓர் ஆய்வு உண்டு. 2008இல் பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் சளி பிடித்த 30 பேருக்குப் பழச்சாறு கொடுத்துப் பார்த்தார்கள். சூடாகக் குடித்தவர்களுக்கு மூக்கொழுகல், இருமல், தும்மலோடு தொண்டை வலி, குளிர், சோர்வு எல்லாமே உடனே குறைந்ததாகத் தோன்றியது. ஆறிய சாறு குடித்தவர்களுக்கு மூக்கொழுகல், இருமல், தும்மல் மட்டும் குறைந்தன. அதில் இஞ்சியே இல்லை. அதனால் ஆயியின் கிண்ணத்தில் எவ்வளவு இஞ்சியின் வேலை, எவ்வளவு வெந்நீரின் வேலை என்று பிரித்துச் சொல்ல மாட்டேன்.

வேலை விஷயமாக ஹாங்காங் போகும்போதெல்லாம் இதே வைத்தியம் வேறு உருவத்தில் எதிரே வந்தது. அங்கே டீக்கடை மாதிரியான சின்ன உணவகங்களில் கோலாவைக் கொதிக்கவைத்து, இஞ்சியும் எலுமிச்சைத் துண்டும் போட்டுக் கொடுப்பார்கள். சளி பிடித்தவர்கள் கேட்டு வாங்கிக் குடிப்பார்கள். கேஸ் எல்லாம் போய், சர்க்கரைப் பாகு போல இருக்கும். ருசி நன்றாகவே இருந்தது. ஆனால் சர்க்கரை அதிகம். மருந்து என்று நினைத்து இரண்டு கோப்பை குடிக்கக் கூடாது.

ஷாவ்ஷிங்கில் அரிசியிலிருந்து செய்கிற மஞ்சள் மது பேர்போனது. ஷூஷு குளிர்காலம் முழுக்க இஞ்சியைச் சன்னமாக நறுக்கிப் போட்டு, அதைச் சூடாக்கிக் குடிப்பார். இலையுதிர் காலத்தில் ஆற்று நண்டு வேகவைக்கும் நாளில் இஞ்சி போட்ட கருப்பு வினிகர் இல்லாமல் அந்த வீட்டில் யாரும் நண்டைத் தொட மாட்டார்கள். நண்டு குளிர்ச்சி, இஞ்சி அதைச் சரிக்கட்டும் என்பார்கள். எனக்குச் சளி பிடித்த ஒரு நாள் ஷூஷு அன்போடு ஒரு சின்னக் கோப்பையில் ஊற்றி நீட்டினார். ஆயி அதை என் கையிலிருந்தே வாங்கி மேசையில் வைத்துவிட்டார். அந்தப் பழைய நூலிலும் கஷாயம் குடிக்கும் நாளில் விலக்கச் சொன்ன பட்டியலில் மது இருக்கிறது. பச்சையாக, குளிர்ந்ததாக இருப்பவை, மாமிசம், பால் சேர்த்தவை எல்லாமும் இருக்கின்றன.

நேரத்தைப் பற்றிச் சீனர்களிடம் ஒரு வசனம் உண்டு: காலையில் தின்றால் இஞ்சி ஜின்செங் சாறு, இரவில் தின்றால் பாஷாணம். நம் ஊரில் "காலை இஞ்சி, கடும்பகல் சுக்கு, மாலை கடுக்காய்" என்று பாட்டிமார் சொல்வதை ஆயிக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். ரொம்ப நேரம் அதையே திரும்பத் திரும்பக் கேட்டுச் சந்தோஷப்பட்டார். இரவில் விஷம் என்பது மிகைதான். குளிரில் நனைந்து வந்தால் இரவு எட்டு மணிக்கும் அவரே வைத்துக் கொடுப்பார். வழக்கமாகத் தினமும் குடிப்பதற்குத்தான் அந்த விதி. எனக்கே இரவில் காரமாகக் குடித்தால் நெஞ்சு எரியும், அதனால் என் உடம்பும் அந்த வசனத்தோடு ஒத்துப்போகிறது. கன்பூசியஸ் சாப்பாட்டில் இஞ்சியை விலக்கியதே இல்லை, ஆனால் அதிகம் தின்றதும் இல்லை என்று அவர் பேச்சுகளின் தொகுப்பான லுன்யு சொல்கிறது. சீன அரசின் மருந்து நூலும் பச்சை இஞ்சிக்கு ஒரு நாளைக்கு 3 முதல் 10 கிராம் என்று அளவு வைத்திருக்கிறது. மே மாதம் நான் போட்ட இருபத்தைந்து கிராமை நினைத்தால் இப்போதும் மனசு பதறுகிறது.

இஞ்சி வாங்குவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அங்கே விலை ஏறினாலும் ஆயி நல்ல இஞ்சிதான் வாங்குவார். "அழுகினாலும் இஞ்சி ருசி கெடாது" என்று ஒரு பழைய பேச்சு அங்கே உண்டு. அதை நம்பி அழுகிய முனையை வெட்டிவிட்டு மீதியைப் போடுகிற பழக்கம் ஷூஷுவுக்கு இருந்தது. ஆயி அதை மட்டும் விடவே மாட்டார், முழுத் துண்டையும் குப்பையில் போட்டுவிடுவார். அழுகிய இஞ்சியில் கல்லீரலுக்குக் கேடான பொருள் உண்டாகிறது என்று அங்கே செய்திகளில் அடிக்கடி எச்சரிப்பார்கள். பூஞ்சை வெளியே தெரிகிற இடத்தோடு நிற்பதும் இல்லை. நம் வீட்டிலும் இப்போது அதே வழக்கம்தான்.

2020 ஜனவரியில் புத்தாண்டு விடுமுறைக்கு ஊருக்கு வந்தேன். கொரோனாவால் திரும்பிப் போக முடியவில்லை. அந்த ஜூனில் நாங்கள் பேசிக்கொண்டிருந்த வீசாட் என்ற சீனச் செயலி நம் நாட்டில் தடையானது. அதோடு ஆயியின் குரலும் நின்றுபோனது. கெச்சியாவில் இருக்கிற நண்பர் ஒருவர் எப்போதாவது அந்தப் பக்கம் போனால் இரண்டு வரி செய்தி கொண்டுவருவார். நலமாக இருக்கிறார் என்று தெரிந்தால் அன்றைக்கு வேறு எதுவும் வேண்டியிருக்காது.

திருப்பூரில் வெங்காயத்தாள் சுலபமாகக் கிடைக்கிறது; கடைக்காரர் வேரை வெட்டுவதற்குள் தடுத்து வாங்க வேண்டும். சர்க்கரைக்கு நாட்டுச்சர்க்கரை. என் மாமனார் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். அவருக்குக் கொடுக்கும் முன் டாக்டரிடம் கேட்டோம். குழம்பில் சேர்க்கிற இஞ்சி சரி, மருந்தாகக் கஷாயம் போட வேண்டாம் என்று சொன்னார். சர்க்கரை நோய் உள்ள அம்மாவுக்கு நாட்டுச்சர்க்கரை இல்லாமல் வெறும் இஞ்சித் தண்ணீர். வயதானவர்களை ரொம்ப வேர்க்கவைப்பதில்லை. தலை சுற்றி விழுந்தால் சளியைவிடப் பெரிய தொந்தரவு. யாருக்காவது காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினாலோ, மூச்சு வாங்கினாலோ, தொண்டையில் வெள்ளை தெரிந்தாலோ அடுப்பைப் பற்றவைப்பதே இல்லை, நேராக டாக்டர்தான்.

போன மார்கழியில் என் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து மழையில் நனைந்து வந்தாள். ஒன்பது வயது. சாயங்காலம் தும்மல், பல் கிட்டுகிற நடுக்கம். நான் உட்கார வைத்து முதலில் கேட்டேன். தாகமா? இல்லை. தொண்டை வலிக்குதா? இல்லை. மூக்கில் வெறும் தண்ணீர். நாக்கு வெள்ளை. வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தும் பார்த்தேன், சிவப்பு இல்லை. "அப்பா, டாக்டர் மாதிரி கேக்கறீங்க" என்றாள். பெரியவர்களுக்குப் போடுவதில் பாதிக்கும் குறைவாக இஞ்சி, வெங்காயத்தாள் ஒன்று, நாட்டுச்சர்க்கரை தாராளமாக. காரம் பொறுக்காமல் முகத்தைச் சுளித்துக்கொண்டே முக்கால் டம்ளர் குடித்தாள். காலை வெந்நீரில் வைத்தோம், என் மனைவி ரசம் இல்லாமல் குழைந்த கஞ்சி கொடுத்தாள். போர்த்திப் படுக்கவைத்து முக்கால் மணி நேரம் கழித்து அவள் பின்கழுத்தில் கையை வைத்தேன். முடிக்கு அடியில் மெல்லிசாக ஈரம் பூத்திருந்தது. நெற்றி ஜில்லென்று இருந்தது.

பனியனை மாற்றிவிட்டேன். அடுப்பில் இன்னும் அரை டம்ளர் மிச்சம் இருந்தது. அதைத் தொட்டியில் ஊற்றிப் பாத்திரத்தைக் கழுவி வைத்தேன்.